அமெரிக்காவில் வாங்கிய போனில் நம்மூர் சிம் போடுவது எப்படி?

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் புது ஐபோன் வாங்கியதும், பழையதை ஊருக்கு வரும்போது எடுத்துவந்து அப்பாவிடமோ தங்கையிடமோ கொடுத்துவிட்டுப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. கொடுத்தவர் திரும்ப விமானம் ஏறிய பிறகுதான் சிக்கல் தெரியவரும். ஜியோ சிம்மோ ஏர்டெல் சிம்மோ போட்டால் 'சிம் நாட் சப்போர்ட்டட்' என்று ஒரு வரி வந்து நிற்கும். வைஃபையில் யூடியூப் ஓடும், வாட்ஸ்அப் வேலை செய்யும், கேமராவும் அருமையாக இருக்கும். சாதாரண போன் கால் மட்டும் போகாது.

போனில் பழுது ஒன்றும் இல்லை. அதை விற்ற அமெரிக்க நெட்வொர்க் கம்பெனி போட்ட பூட்டு இன்னும் இருக்கிறது, அவ்வளவுதான். அதை எடுக்கும் அதிகாரம் அந்தக் கம்பெனியிடம்தான் இருக்கிறது. அதனிடம் கேட்க வேண்டியவர், போன் யார் கணக்கில் வாங்கப்பட்டதோ அவர். கேட்க வேண்டிய நேரம், அவர் அமெரிக்காவில் இருக்கும்போது. பெட்டி கட்டும் நாளில் ஞாபகம் வந்தால் போதாது. ஒரு மாதம் முன்னாலேயே ஆரம்பிப்பது நல்லது. ஏன் என்பது போகப்போகப் புரியும்.

முதலில், இது எந்தப் பூட்டு?

'போன் லாக் ஆகியிருக்கு' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் நான்கைந்து வேறு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. திரையைத் திறக்கும் பின் நம்பரும் பேட்டர்னும் ஒன்று. ஐபோனில் முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஆக்டிவேஷன் லாக்' இன்னொன்று. ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கு அதே வேலையைச் செய்யும். அலுவலகம் கொடுத்த போன் என்றால் அலுவலகத்தின் கட்டுப்பாடு தனி. நாம் இங்கே பேசுவது 'கேரியர் லாக்' பற்றி: ஒரு கம்பெனியின் சிம்மைத் தவிர வேறு எதையும் ஏற்காதபடி போனில் வைத்திருக்கும் கட்டுப்பாடு.

நம்பர் போர்ட்டபிலிட்டியோடும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். எண்ணை மாற்றாமல் ஏர்டெல்லிலிருந்து ஜியோவுக்குப் போவது எண் சம்பந்தப்பட்டது. அந்த வசதி இந்தியா முழுக்க 2011 ஜனவரி முதல் இருக்கிறது. கேரியர் லாக் கருவி சம்பந்தப்பட்டது. எண்ணை எத்தனை முறை போர்ட் செய்தாலும் பூட்டிய போன் பூட்டியபடியே இருக்கும்.

அமெரிக்கக் கம்பெனிகள் ஏன் பூட்டுகின்றன? அங்கே பெரும்பாலோர் போனைத் தவணையில்தான் வாங்குகிறார்கள். ஏடி அண்ட் டி, வெரைசன் இரண்டும் பொதுவாக 36 மாதத் தவணை, டி-மொபைல் பெரும்பாலும் 24. கடனில் எடுத்த வண்டியின் ஆர்சி புத்தகத்தில் வங்கியின் பெயர் இருக்குமே, அதேபோலத்தான் இதுவும். கடன் முடிந்தாலும் நாமாகப் போய்க் கேட்டால்தான் பல நேரம் பெயர் நீங்கும்.

எல்லா நாட்டிலும் இந்த வழக்கம் கிடையாது. கனடாவில் 2017 டிசம்பர் முதல் போனைப் பூட்டி விற்கக் கூடாது. பிரிட்டனில் 2021 டிசம்பரில் அதே தடை வந்தது. டொராண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் புதிய போன்களில் இந்தத் தலைவலி அநேகமாக இருக்காது. தடைக்கு முன்பு விற்ற பழைய போன்களில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நம்மூரிலும் ரிலையன்ஸ், டாடா இண்டிகாமின் சிடிஎம்ஏ காலத்துக் கைபேசிகளும், 2017இல் வந்த ஜியோபோனும் வேறு கம்பெனிக்கு மாறவிடாதவைதான். கடையில் போய் வாங்கும் சாதாரண ஸ்மார்ட்போன் இங்கே திறந்தபடிதான் கிடைக்கிறது, அதனால் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

பூட்டு இருக்கிறதா என்று பார்க்க

ஐபோன் என்றால் வேலை சுலபம். செட்டிங்ஸ், அதில் ஜெனரல், அதில் அபவுட். கீழே இறங்கிப் போனால் 'கேரியர் லாக்' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு எதிரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால் போன் திறந்திருக்கிறது, மேற்கொண்டு படிக்காமல் நேராகக் கடைசிப் பகுதிகளுக்குப் போய்விடலாம். 'சிம் லாக்ட்' என்று இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

ஆண்ட்ராய்டில் இப்படி எல்லா போனுக்கும் பொதுவான ஓர் இடம் இல்லை. சாம்சங்கில் செட்டிங்ஸ், கனெக்‌ஷன்ஸ், மோர் கனெக்‌ஷன் செட்டிங்ஸ் என்று போனால் சில மாடல்களில் 'நெட்வொர்க் அன்லாக்' என்று ஒரு வரி கிடைக்கும். மற்றபடி, வேறு கம்பெனியின் சிம்மைப் போட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. பூட்டிய போன் 'சிம் நெட்வொர்க் அன்லாக் பின்' கேட்கும், அல்லது சிம் செல்லாது என்று சொல்லும்.

இந்தச் சோதனைக்கு அமெரிக்கத் தமிழர் பலர் கையிலேயே ஒரு சாதனம் இருக்கிறது: வங்கி ஓடிபிக்காக உயிரோடு வைத்திருக்கும் இந்திய சிம். அதைப் போட்டுப் பாருங்கள். ரோமிங் போடாததால் சிக்னல் வராமல் போகலாம், அது வேறு விஷயம். சிம்மே செல்லாது என்ற அறிவிப்பு வருகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

நண்பரின் அமெரிக்க சிம்மை வாங்கிச் சோதித்தால் ஒரு கண்ணி உண்டு. மின்ட் மொபைல் ஓடுவது டி-மொபைல் நெட்வொர்க்கில், விசிபிள் வெரைசனில், கிரிக்கெட் ஏடி அண்ட் டியில். பெயர் வேறாக இருப்பதைப் பார்த்து, டி-மொபைல் போனில் மின்ட் சிம் வேலை செய்கிறது, ஆகவே பூட்டு இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சோதிப்பதென்றால் மூன்று பெரிய நெட்வொர்க்குகளில் வேறொன்றின் சிம்மில் சோதியுங்கள்.

'அன்லாக்ட்' என்று எழுதி விற்ற ஐபோன்களிலும் ஒரு ரகம் இருக்கிறது. பெரிய சங்கிலிக் கடைகளில் எந்தக் கம்பெனிக்கும் சேராமல் விற்கும் சில ஐபோன்கள், முதன்முதலில் எந்த சிம் போட்டு ஆரம்பிக்கிறோமோ அந்தக் கம்பெனிக்குப் பூட்டிக்கொள்ளும். கடைக்காரருக்கே இது தெரியாமல் இருக்கலாம். ஆப்பிளின் சொந்தக் கடையில், கம்பெனியைப் பிறகு தேர்ந்தெடுத்துக்கொள்கிறேன் என்று முழு விலை கொடுத்து வாங்குவது திறந்த போன். ஊருக்குக் கொடுத்தனுப்பவென்றே புதுப் போன் வாங்குகிறவர்கள் வேறெதையும் யோசிக்க வேண்டாம், இந்த வழியில் வாங்கிவிடுங்கள்.

கம்பெனி எப்போது திறந்து தரும்?

2013 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு கூத்து நடந்தது. பதிப்புரிமைச் சட்டத்தில் இருந்த ஒரு விலக்கு காலாவதியாகி, அதன் பிறகு வாங்கும் போனைக் கம்பெனியின் அனுமதி இல்லாமல் திறப்பது சட்டப்படி குற்றமாகிப்போனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு மனுப் போட்டார்கள். 2014 ஆகஸ்டில் ஒபாமா புதுச் சட்டத்தில் கையெழுத்திட்டு அதை மாற்றினார். இதைக் கேள்விப்பட்ட பலர், 'திறந்து தர வேண்டியது கம்பெனியின் கடமை' என்று நினைக்கிறார்கள். சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. திறப்பது குற்றமில்லை என்றுதான் சொல்கிறது. எப்போது, எந்த நிபந்தனையில் திறந்து தருவது என்பதைப் பெரும்பாலும் கம்பெனிகளே வகுத்துக்கொள்கின்றன.

நிபந்தனைகளில் எல்லாருக்கும் பொதுவானவை மூன்று: தவணை முழுக்கக் கட்டியிருக்க வேண்டும்; போன் தொலைந்ததாகவோ திருடுபோனதாகவோ புகார் இருக்கக் கூடாது; கணக்கில் பாக்கி இருக்கக் கூடாது. இவற்றோடு, அந்தக் கம்பெனியின் நெட்வொர்க்கில் குறைந்தது இத்தனை நாள் ஓடியிருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு. போஸ்ட்பெய்டில் டி-மொபைலுக்கு 40 நாள், ஏடி அண்ட் டிக்கு 60 நாள்.

வெரைசன் கதை தனி. வாங்கி 60 நாள் ஆனதும், தவணை பாக்கி இருந்தால்கூட, தானாகவே திறந்துவிடும் கம்பெனியாக அது நெடுநாள் இருந்தது. 2008இல் அலைக்கற்றை வாங்கியபோது ஏற்றுக்கொண்ட நிபந்தனையும், 2019இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தந்த சலுகையும் சேர்ந்து வந்த ஏற்பாடு அது. 2026 ஜனவரியில் ஆணையம் அந்த 60 நாள் கட்டாயத்திலிருந்து வெரைசனுக்கு விலக்கு கொடுத்துவிட்டது. ஆகவே 'வெரைசன்னா பிரச்சினையே இல்லை' என்று பழைய நினைப்பில் யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். போன் வாங்கிய தேதியைச் சொல்லி, இதற்கு எந்த விதி என்று கம்பெனியிடமே கேளுங்கள்.

பிரீபெய்ட் போனில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். வால்மார்ட்டிலும் டார்கெட்டிலும் பிரீபெய்ட் ஐபோன் நல்ல மலிவாகத் தொங்கும். ஊருக்கு ஒன்று வாங்கிப் போகலாமே என்று தோன்றும். அந்த மலிவு விலைக்குப் பின்னால் நீண்ட பூட்டு இருக்கிறது. ஏடி அண்ட் டி பிரீபெய்டில் ஆறு மாதம் காசு கட்டிப் பயன்படுத்தியிருக்க வேண்டும். டி-மொபைல் பிரீபெய்டில் ஒரு வருடம். பெட்டியைப் பிரிக்காமல் சென்னைக்குக் கொண்டுவந்தால் அந்த நாள்கணக்கு தொடங்கவே தொடங்காது. என்னைக் கேட்டால், ஊருக்குக் கொடுக்க வாங்கவே கூடாத போன் இதுதான்.

'இலவச' போனின் கணக்கு

தவணை பாக்கி இருக்கும்போதே ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது, மொத்தமாகக் கட்டிவிட்டுத் திறந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

'ஐபோன் இலவசம்' என்று விளம்பரம் வருகிறதே, அதில் போன் உண்மையில் தவணையில்தான் விற்கப்படுகிறது. 828 டாலர் போன் என்று வைத்துக்கொள்வோம். 36 மாதத்துக்கு மாதம் 23 டாலர் பில்லில் ஏறும். அதே பில்லில் 23 டாலர் கழிவு என்று இன்னொரு வரி இருக்கும். இரண்டும் நேராகிவிடும், அதனால் இலவசம். ஒரு வருடம் கழித்து மிச்சம் 24 மாதத் தவணையை ஒரே மூச்சில் கட்டினால் 552 டாலர் கையிலிருந்து போகும். அதோடு மீதி மாதங்களின் கழிவும் பல திட்டங்களில் நின்றுபோகும். இலவச போன் 552 டாலர் போனாகிவிடும். கழிவு தொடருமா நிற்குமா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். எனவே பணம் கட்டும் பொத்தானை அழுத்துவதற்கு முன் சாட்டில் கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவுக்கு நான்கு வாரம் விடுமுறைக்குத்தான் வருகிறீர்கள் என்றால் இவ்வளவு செலவு செய்யவே வேண்டாம். பூட்டிய போன் அமெரிக்கக் கம்பெனியின் ரோமிங்கில் இங்கே நன்றாக வேலை செய்யும். அது பிடிக்காவிட்டால் வீட்டில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டில் இந்திய சிம்மைப் போட்டு ஹாட்ஸ்பாட் எடுத்துக்கொள்ளலாம். சில டி-மொபைல் ஆண்ட்ராய்டு போன்களில் 30 நாளுக்குத் தற்காலிகமாகத் திறக்கும் வசதியும் உண்டு.

விண்ணப்பிக்கும் முறை

ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். டயல் பேடில் *#06# அழுத்தினால் 15 இலக்க எண் வரும். இரண்டு சிம் வசதி உள்ள போனில் இரண்டு எண் வரும்; இரண்டையும் குறித்துவையுங்கள். 32 இலக்கத்தில் 'இஐடி' என்று ஒன்றும் தெரியும், அது பிறகு ஈசிம்முக்கு, அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்முக்கு, உதவும்.

ஏடி அண்ட் டிக்கு அதன் இணையதளத்திலேயே 'டிவைஸ் அன்லாக்' என்று தனிப் பக்கம் இருக்கிறது. ஐஎம்இஐ எண்ணும் மின்னஞ்சலும் கொடுத்தால் உறுதிசெய்யச் சொல்லி ஒரு மெயில் வரும். 24 மணி நேரத்துக்குள் அதில் உள்ள சுட்டியை அழுத்தாவிட்டால் விண்ணப்பம் ரத்து. ஸ்பாம் பெட்டியையும் பார்த்துவிடுங்கள், அங்கே போய் ஒளிந்துகொள்ளும் மெயில் இது. பிறகு இரண்டு வேலை நாளுக்குள் பதில் வரும். இந்தப் பக்கத்தில் இப்போது வாடிக்கையாளராக இல்லாதவரும் விண்ணப்பிக்கலாம் என்பது பெரிய வசதி. அது எப்போது கைகொடுக்கும் என்று பின்னால் சொல்கிறேன்.

டி-மொபைலில் கணக்கு வைத்திருப்பவர் ஆப்பிலோ, வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டோ கேட்கலாம். தகுதி வந்ததும் தானாகவே திறந்துவிடுவதாகச் சொன்னாலும் செட்டிங்ஸில் போய் நம் கண்ணால் பார்த்துக்கொள்வதுதான் நல்லது. குடும்பத் திட்டத்தில் இருக்கும் போன் என்றால் கணக்கின் முதன்மை உரிமையாளர்தான் பேச வேண்டும். மாமாவின் பேரில் இருக்கும் கணக்கில் மருமகன் போய்ச் சாட்டில் நின்றால் வேலை நடக்காது.

நிராகரித்துவிட்டார்கள் என்றால் காரணத்தைக் கேளுங்கள். 'இன்னும் பாக்கி இருக்கிறது' என்று வந்தால் நேற்றுக் கட்டிய பணம் கணக்கில் ஏறவில்லை என்பதாக இருக்கலாம், இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி போடுங்கள். ஐஎம்இஐயில் ஒரு இலக்கம் தவறினாலும் நிராகரிப்பு வரும்.

அனுமதி வந்த பிறகு போனில் செய்ய வேண்டியது

ஐபோனுக்குக் குறியீட்டு எண் எதுவும் வராது. கம்பெனி தன் பக்கத்தில் ஒப்புதல் கொடுத்ததும் அந்தத் தகவல் ஆப்பிளின் சர்வரில் பதிவாகிறது. போன் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்கிறது. வைஃபையில் இணைத்துவிட்டு வேறு கம்பெனியின் சிம்மைப் போடுங்கள். வேறு சிம் கையில் இல்லாவிட்டால் போனை பேக்கப் எடுத்து, முழுவதும் அழித்து, மறுபடி ஆரம்பியுங்கள். அப்புறம் அபவுட் பகுதியில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' வந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த மூன்று சொற்களைப் பார்க்கும்வரை வேலை முடியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டில் இரண்டு விதம். சிலவற்றில் போனிலேயே அன்லாக் ஆப்போ செட்டிங்ஸ் வரியோ இருக்கும். இணையத்தில் இணைத்து 'பர்மனென்ட் அன்லாக்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. தற்காலிகம் என்பதைத் தவறி அழுத்திவிட வேண்டாம். மற்றவற்றுக்குக் கம்பெனி ஓர் எண்ணை அனுப்பும். வேறு சிம் போட்டு ஆன் செய்ததும் பின் கேட்கும்போது அதை இட வேண்டும். இங்கே அவசரம் கூடாது. தவறான எண்ணைச் சில முறைதான் போன் பொறுத்துக்கொள்ளும். அதற்குமேல் போனால் எண் கேட்பதையே நிறுத்திவிடும், பிறகு சரியான எண் கையில் இருந்தும் பயனில்லை. இணையத்தில் கிடைத்த எண்களையெல்லாம் போட்டுப் பார்ப்பது இதனால்தான் ஆபத்து.

எல்லாம் முடிந்து போனைக் கொடுப்பதற்கு முன், கொடுப்பவர் தன் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, போனை முழுவதும் அழித்துக் கொடுக்க வேண்டும். கேரியர் பூட்டு திறந்து, ஆக்டிவேஷன் பூட்டில் மாட்டிக்கொண்ட அப்பாக்கள் ஊரில் நிறையவே இருக்கிறார்கள். நள்ளிரவில் மகனை எழுப்பி ஆறு இலக்க எண்ணைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

திறந்தாயிற்று, ஆனாலும் கால் வரவில்லையே?

பூட்டுக்குச் சம்பந்தமில்லாத மூன்று தடைகள் இங்கே வந்த பிறகு முளைக்கும்.

ஒன்று சிம் போடும் துளை. 2022இல் வந்த ஐபோன் 14 தொடங்கி அமெரிக்காவில் விற்ற ஐபோன்களில் சிம் தட்டே கிடையாது, ஈசிம் மட்டும்தான். ஜியோ, ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா) எல்லாரும் ஈசிம் தருகிறார்கள், கம்பெனியின் ஆப்பிலோ ஷோரூமிலோ மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது பழைய சிம் பழைய போனில் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். உறுதிசெய்யும் எஸ்எம்எஸ் அதற்குத்தான் வரும். மாற்றிய பிறகு 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. மோசடியைத் தடுக்க வைத்த விதி அது. கேஸ் புக்கிங், வங்கி ஓடிபி எல்லாம் அந்த ஒரு நாள் நின்றுபோகும். முக்கியமான பணப் பரிமாற்றம் இருக்கும் நாளில் ஈசிம் மாற்றம் வேண்டாம். எண் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் அடையாள அட்டையோடு ஷோரூமுக்குப் போக வேண்டும் என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது அலைவரிசை. ஜியோவின் 4ஜி ஓடுவது 3, 5, 40 என்ற எண் கொண்ட பேண்டுகளில். ஐபோன்களில் இவை எல்லாம் உண்டு. அமெரிக்க பிரீபெய்ட் சந்தைக்கென்றே தயாரான மலிவு ஆண்ட்ராய்டு போன்களில் 3ம் 40ம் இல்லாமல் போகலாம். மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் பேண்டு பட்டியலைப் பாருங்கள். இல்லாத பேண்டை எந்த அன்லாக்காலும் கொண்டுவர முடியாது.

மூன்றாவது வோல்டி, அதாவது 4ஜி வழியாகவே குரல் அழைப்பு. ஜியோவுக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. போனில் அதன் வோல்டி வேலை செய்யாவிட்டால் இணையம் ஓடும், சாதாரண கால் போகாது. அமெரிக்கக் கம்பெனிகளுக்கென்று செய்த சாம்சங் போன்களில் இந்தச் சிக்கலைப் பலர் பார்த்திருக்கிறார்கள். மாடல் எண்ணின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள்: எஸ்23 அல்ட்ராவில் எஸ்எம்-எஸ்918யு என்பது அமெரிக்கக் கம்பெனி மாடல், கடைசியில் யு1 என்று முடிந்தால் அங்கேயே திறந்து விற்றது, பி என்று முடிந்தால் இந்தியா உட்பட மற்ற நாடுகளுக்கானது. யு மாடல் கையில் இருந்தால் ஏர்டெல் சிம்மையும் போட்டுப் பாருங்கள். அதற்கு இன்னும் 2ஜி இருப்பதால் கால் போக வாய்ப்பு அதிகம்.

சாம்சங்கில் இன்னொரு வினோதமும் உண்டு. 2013இல் வந்த நோட் 3 காலத்திலிருந்து, சில பிராந்தியங்களில் விற்கும் போன்களின் பெட்டியில் 'இந்தப் பகுதி சிம்மில்தான் முதலில் இயங்கும்' என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வாங்கிய பகுதியின் சிம்மைப் போட்டு மொத்தம் ஐந்து நிமிடம் பேசிவிட்டால் தீர்ந்தது. ஐரோப்பாவிலிருந்து சீல் பிரிக்காமல் கொண்டுவந்து பரிசளிக்கும் அத்தைமார்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள்: பெட்டியைப் பிரித்து அங்கேயே ஐந்து நிமிடம் பேசிவிட்டு வரட்டும். பரிசின் அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

போன் ஏற்கெனவே இங்கே வந்துவிட்டது என்றால்

கொடுத்தவர் யாரென்று தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஐஎம்இஐ எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவரையே தன் கணக்கிலிருந்து கேட்கச் சொல்லுங்கள். தவணை முடிந்து, நாள்கணக்கும் நிறைவாகியிருந்தால் போன் எந்த நாட்டில் இருந்தாலும் திறக்கலாம், வைஃபை போதும். கொடுத்தவர் கம்பெனி மாறிவிட்டார், கணக்கை மூடிவிட்டார் என்றாலும் ஏடி அண்ட் டி போனுக்கு முன்பு சொன்ன பக்கத்தில் வாடிக்கையாளர் அல்லாதவராக விண்ணப்பித்துப் பாருங்கள். டி-மொபைலின் ஆப் வகை ஆண்ட்ராய்டு அன்லாக் மட்டும் சில நேரம் அமெரிக்க சிம்மோடு இணையத்தில் இருக்கச் சொல்லி அடம்பிடிக்கும். அதனால்தான் ஆண்ட்ராய்டை அங்கேயே முடித்துவிட்டு வருவது உத்தமம்.

கொடுத்தவர் யாரென்றே தெரியாத, ஆன்லைனிலோ கடையிலோ வாங்கிய போன் என்றால் நிலைமை கஷ்டம். தவணை கட்டாமல் விட்ட போனைக் கம்பெனி யாருக்காகவும் திறக்காது.

அப்போதுதான் கால்கள் ரிச்சி தெருவுக்கோ பர்மா பஜாருக்கோ போகும். 'ஆல் கன்ட்ரி அன்லாக்' என்று பலகை வைத்திருப்பார்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் சிம்முக்கு அடியில் ஒட்டும் மெல்லிய சில்லு. ஆர்-சிம் என்பார்கள். உண்மையான அமெரிக்க சிம்தான் உள்ளே இருக்கிறது என்று ஐபோனை நம்பவைக்கும் தந்திரம் அது. பூட்டு திறப்பதில்லை, போன் ஏமாறுகிறது, அவ்வளவுதான். அடுத்த ஐஓஎஸ் அப்டேட்டில் ஆப்பிள் அந்த ஓட்டையை அடைத்தால் மறுபடி கடைக்குப் போக வேண்டும். சிம் தட்டே இல்லாத ஐபோன் 14க்குப் பிறகான அமெரிக்க மாடல்களில் சில்லை ஒட்ட இடமே கிடையாது. 'சாஃப்ட்வேர்ல பண்ணிடலாம் சார், நாளைக்கு வாங்க' என்று சொல்பவரிடம் எப்படி என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஐஎம்இஐ மாற்றுவேன் என்று பதில் வந்தால் போனை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி அந்த எண்ணைத் திருத்துவது குற்றம்: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பழைய அமெரிக்க போனை இங்கே காசு கொடுத்து வாங்கும் எண்ணம் இருந்தால், பணம் கைமாறுவதற்கு முன்பே இவ்வளவையும் முடித்துவிடுங்கள். விற்பவர் எதிரிலேயே அபவுட் பகுதியைத் திறந்து கேரியர் லாக் வரியைப் பாருங்கள். சிம் தட்டுக்கு உள்ளே சில்லு ஒட்டியிருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். உங்கள் சிம்மைப் போட்டு, வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டுக்கு ஒரு கால் செய்யுங்கள்; அவர்களையும் திரும்பக் கூப்பிடச் சொல்லுங்கள். *#06# அழுத்தி வரும் எண்ணும் செட்டிங்ஸில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். பிறகு கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் இடைவெளியும் அந்த 15 இலக்க எண்ணும் டைப் செய்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதே சோதனை உண்டு. எண் தடைசெய்யப்பட்டது, நகல், அல்லது ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த போன் வேண்டாம்.